காலைத் தூக்கும் இடம்

மனைவி வேலை பார்த்த பள்ளியிலிருந்து அவனிடம் கேட்டது இரண்டே இரண்டு. அவளுடைய ரெக்கார்டுகளையும் அவற்றைப் போட்டுக் கேட்கும் பெட்டியையும் பள்ளிக்குத் தர வேண்டும்; நினைவுக் கூட்டத்தில் நான்கு வார்த்தை பேச வேண்டும். முதலாவதற்குச் சரி என்றான். இரண்டாவதற்கு முடியாது என்றான். தலைமையாசிரியை வற்புறுத்தவில்லை. "யோசிச்சுப் பாருங்க தம்பி, அவசரமில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்தார். யோசிக்க அதில் ஒன்றும் இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை.

அவள் போனது மழைக்காலத்தில். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது வெயில் வந்துவிட்டது. இடையில் அவன் அழவில்லை, குடிக்கவில்லை, லீவுகூட அதிகம் போடவில்லை. கல்லு மாதிரி இருக்கான் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். சிலர் அதைப் பாராட்டாகச் சொன்னார்கள். சிலர் அப்படிச் சொல்லவில்லை.

அவன் குடிநீர் வாரியத்தில் இஞ்சினியர். தெருவுக்கு அடியில் ஓடும் குழாய்களில் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கும் பிரிவு. எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் பள்ளம் தோண்டுவதற்கு முன்னால் ஓர் இரும்புக் கம்பியை வால்வின்மேல் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டுவிடுவார்கள். கசிவு இருந்தால் உள்ளே சீறும். இல்லாவிட்டால் சும்மா இருக்கும். "தெருத்தெருவா குனிஞ்சு குழாய்க்கெல்லாம் காது குடுக்கற. வீட்ல நான் ஒரு பாட்டைப் போட்டா மட்டும் உனக்குக் காது அடைச்சுக்குது" என்பாள் அவள்.

உண்மைதான். ஜாஸ் இசை அவனுக்குப் பிடிபடவே இல்லை. அவளுக்கு அது பைத்தியம். ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள், பின்னங்களை ரெக்கார்டு போட்டுக் கைதட்ட வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். அணிவகுப்புக்கு வாங்கி அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த ட்ரம்பெட்டையும் கிளாரினெட்டையும் தூசு தட்டி எடுத்து, மத்தியான இடைவேளையில் பிள்ளைகளை ஊத வைத்தாள். இசைக் குறிப்பு படிக்க அவளுக்கும் தெரியாது, பிள்ளைகளுக்கும் தெரியாது. ரெக்கார்டைப் போடுவாள், கேட்டு, தடவித் தடவிப் பிடித்துக்கொள்வார்கள். ஜாஸ் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், "ஒரே வீட்டுச் சண்டையை நாலு பேர் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லுவாங்க இல்ல, அதுதான். சண்டை ஒண்ணுதான்" என்பாள்.

அவனுக்கு இப்போது ஒரே ஒரு கஷ்டம்தான் இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவளை நினைத்துப் பார்க்க உட்கார்ந்தால், கூடத்துச் சுவரில் மாட்டிய படம்தான் வந்து நின்றது. அடையாள அட்டைக்கு எடுத்த படம். அவளுக்கே அது பிடிக்காது. அந்தப் படம் அசையாது, பேசாது. அசைகிற அவளை அவனால் கொண்டுவர முடியவில்லை. நடந்தது, சாப்பிட்டது, கத்தியது எல்லாம் தெரிந்திருந்தது, தகவலாக. கண்ணுக்குள் வரவில்லை. கம்பியில் காது வைத்து, ஒன்றும் கேட்காமல் நிமிர்வதுபோல ஒவ்வொரு முறையும் நிமிர்ந்தான்.

*

பெட்டியை ஏற்ற அவளுடைய அண்ணன் வேனைக் கொண்டுவந்தான். வாடகை வேன் ஓட்டுபவன். ஆள் அகலம், குரல் அதைவிட அகலம்.

"மாப்ள, இது பாட்டுப் பெட்டியா, பீரோவா? இடுப்பு போச்சு."

"அடியில தேக்கு, மச்சான்."

"என் தங்கச்சி இதைத் தனியாளாவே நகர்த்துவா. நீ ஒரு முனையைப் பிடிக்கறதுக்குள்ள உனக்கு மூச்சு வாங்குது." வேன் கதவைச் சாத்திவிட்டு அவனைப் பார்த்தான். "கூட்டத்துல பேச மாட்டேன்னுட்டியாமே?"

"ஆமா."

"ரெண்டு வார்த்தை பேசினா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?"

"பேச ஒண்ணும் இல்ல, மச்சான்."

அண்ணன் வழி நெடுக ஹாரனைத் தேவைக்கு அதிகமாக அடித்துக்கொண்டே ஓட்டினான்.

ரெக்கார்டுகள் நான்கு அட்டைப் பெட்டி. அவற்றோடு சேர்க்காமல், பழுப்புத் தாளில் சுற்றிய ஒன்றை மட்டும் அவன் மடியில் வைத்திருந்தான். உறை தொலைந்துபோன ரெக்கார்டு. நடுவில் ஒட்டியிருந்த தாள் ஆரஞ்சு நிறம் என்பதால் வீட்டில் அதன் பெயரே ஆரஞ்சு. பழைய சாமான் கடையில் வாங்கியது. "கீறல் இருக்கும்மா, வேற எடுங்க" என்று கடைக்காரரே சொல்லியும் கேட்காமல் வாங்கினாள்.

அந்தக் கீறல் ஒரே இடத்தில்தான். ஊசி அங்கே வந்ததும் துள்ளி, கொஞ்சம் பாட்டை விழுங்கிவிட்டு அந்தப் பக்கம் போய் விழும். அது பரவாயில்லை. அந்த நேரம் பார்த்துத் தரை அதிர்ந்தால்தான் வம்பு. ஊசி முன்னால் போகாமல் பின்னால் விழுந்து, அதே வரியைச் சுற்றிச் சுற்றிப் பாடும். அவர்கள் வீட்டில் பலகைத் தரை. யாராவது காலை நகர்த்தினாலே போதும். அதனால் அந்த இடம் நெருங்கும்போது எல்லாரும் காலைத் தரையிலிருந்து தூக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். வந்த விருந்தாளிகூடத் தூக்கித்தான் ஆக வேண்டும். தூக்க மறந்து மாட்டிக்கொண்டால், "தட்டுடா!" என்று குரல் வரும். பெட்டிக்கு அருகே பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் அவன் கையை நீட்டி, இரண்டு விரலால் பக்கப் பலகையை ஒரு தட்டுத் தட்டுவான். பாட்டு மேலே போகும். அவன் பேப்பருக்குத் திரும்பிவிடுவான். ஜாஸில் அவனுக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

*

பள்ளி மண்டபத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பெட்டியை மேடை ஓரத்தில் இறக்கி வைத்துவிட்டு அண்ணன் போய்விட்டான், சவாரி இருந்தது. அவன் கீழே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். உடனே எழுந்து போனால் நன்றாக இருக்காது.

மேடையில் பதினைந்து இருபது பிள்ளைகள், நாற்காலிகளில். அவர்களுக்கு முன்னால் சாக்ஸபோனை மாட்டிக்கொண்டு பல் டாக்டர் நின்றார். ஊரில் ஜாஸ் கேட்கும் ஐந்தாறு பேருக்கு அவர்தான் தலை. சனிக்கிழமைகளில் நோயாளிகள் போன பிறகு அவருடைய கிளினிக்கில் கூடுவார்கள். சொத்தைப் பல் படங்களுக்குக் கீழே உட்கார்ந்து ரெக்கார்டு கேட்பார்கள். அவளும் தவறாமல் போவாள். ஆனால் ஆரஞ்சை மட்டும் அங்கே கொண்டுபோனதில்லை. ரெக்கார்டைப் பல் மாதிரி தேய்த்துக் கழுவி வைக்கிறவர் அவர். கீறலைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார். அந்த ரெக்கார்டு வீட்டுக்கும் வகுப்புக்கும் மட்டும் துணிப்பையில் போய் வந்துகொண்டிருந்தது.

பிள்ளைகள் வாசிக்க ஆரம்பித்தார்கள். அது ஆரஞ்சு என்பது அவனுக்கே தெரிந்தது. அவனுக்குத் தெரிந்த ஒரே பாட்டு அது. டிரம் வாசித்த பையன் பாதிக் கண் மூடியபடி வாசித்தான். அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். முன்வரிசையில் கிளாரினெட் ஊதிய பெண்ணை வாயாடி என்பார்கள். இரண்டு பெயரும் அவன் மனைவி வைத்தவை. வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

மூன்றாவது வரி முடியும் இடத்தில் பாட்டு சட்டென்று ஒரு தப்படி தாவியது. அதே நொடியில் மேடையில் இருந்த அத்தனை பிள்ளைகளும், ஊதுவதை நிறுத்தாமலே, இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கி, திரும்ப வைத்தார்கள்.

அவன் குனிந்து பார்த்தான். அவனுடைய ஷூக்களும் அந்தரத்தில் இருந்தன.

அப்போதுதான் அது வந்தது. சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறாள். சிவப்புப் பேனாவைப் பல்லில் கடித்திருக்கிறாள். இரண்டு காலையும் நேராக நீட்டித் தூக்கி வைத்திருக்கிறாள். வாயில் பேனா இருப்பதால் பேச முடியவில்லை, அவனுடைய காலைக் கண்ணால் காட்டி, "ம்ம்! ம்ம்!" என்று மிரட்டுகிறாள். ஒரு நொடிதான். ஆனால் அசைந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து கிறீச்சிட்டதுகூடக் கேட்டது.

"நிறுத்து, நிறுத்து." பல் டாக்டர் கையைத் தூக்கினார். "இங்க ஒரு பீட்டைக் காணோம். யார் முழுங்கினது? வாயைத் திற, பார்க்கலாம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். வாயாடி மட்டும் சிரிக்கவில்லை. "யாரும் முழுங்கல சார். பாட்டே அப்படித்தான்."

"இல்லம்மா. நாலு நாலா வருதில்ல? இங்க மூணுலயே தாண்டிட்டீங்க."

"டீச்சர் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"டீச்சர் அப்படிச் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்கம்மா" என்றார் அவர், மெதுவாக. அவர் அதை மரியாதையாகத்தான் சொன்னார். மேடையில் அத்தனை முகமும் ஒரே நேரத்தில் இறுகியது.

அவர் போனில் அதே பாட்டைப் போட்டுக் காட்டினார், கீறல் இல்லாததை. பிள்ளைகள் கேட்டார்கள். "இது வேற பாட்டு சார்" என்றான் தூங்குமூஞ்சி.

"இதுதான்டா பாட்டு!"

மறுபடி வாசித்தார்கள். மறுபடி தாவினார்கள், மறுபடி கால்கள் எழும்பின. நான்காவது தடவை சிலர் நாலு எண்ணினார்கள், சிலர் தாவினார்கள், டிரம் தனியாக எங்கோ போனது. சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. "அது என்ன, எல்லாரும் காலைத் தூக்கறீங்க? தரையில எறும்பா?" என்றார் டாக்டர்.

"தூக்கலன்னா மாட்டிக்கும் சார்."

"என்ன மாட்டிக்கும்?"

"பாட்டுதான்" என்றாள் வாயாடி, இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியூரிலிருந்து இரண்டு பேர் வாசிக்க வருகிறார்கள், அவர்கள் முன்னால் இப்படி வாசித்தால் எல்லாரும் குப்புற விழவேண்டியதுதான், நாளையிலிருந்து சரியான வரியை மட்டும் பழகலாம் என்று சொல்லிவிட்டு இடைவேளை விட்டார்.

வாயாடி மேடை ஓரத்துக்கு வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "சார், ஆரஞ்சு உங்ககிட்டயா இருக்கு?"

அவன் பழுப்புத் தாளைக் காட்டினான்.

"கிளாஸ்ல யாராவது காலை வெச்சுட்டா மாட்டிக்கும். டீச்சர் டஸ்டரால மேஜையைத் தட்டுவாங்க. அப்புறம் போகும். நாங்க வாசிக்கும்போதும் அதேதான் விளையாட்டு. யாராவது லேட்டா காலை வெச்சு சத்தம் வந்தா, எல்லாரும் அதே வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கணும். டீச்சர் தட்டற வரைக்கும் விடக் கூடாது." கொஞ்சம் யோசித்தாள். "வீட்ல நீங்கதான் தட்டுவீங்களாமே?"

"ஆமா."

"டீச்சர் சொன்னாங்க. சாருக்குப் பாட்டு தெரியாது, தட்ட மட்டும் தெரியும்னு."

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

"அவர்கிட்ட நீங்க சொல்லுங்க சார்." டாக்டர் பக்கம் தலையை ஆட்டினாள். "நாங்க சொன்னா எடுபடல."

*

மறுநாள் வேலை முடிந்ததும் கிளினிக்குக்குப் போனான். கன்னம் வீங்கிய இரண்டு பேருக்குப் பின்னால் வரிசையில் உட்கார்ந்தான். முறை வந்தபோது உள்ளே நோயாளி நாற்காலியைத் தவிர வேறு இருக்கை இல்லை. அதிலேயே ஏறிச் சாய்ந்தான், நெஞ்சின்மேல் ரெக்கார்டோடு.

"என்ன பல்லு?"

"பல்லு இல்ல டாக்டர்."

"இந்த சேர்ல உக்காந்துட்டு வாயைத் திறக்காத ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன். சொல்லுங்க."

அவன் ரெக்கார்டை நீட்டினான். டாக்டர் தாளைப் பிரித்து, விளக்கைத் தன் பக்கம் இழுத்து, ஒரு வாயைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். "ஐயோ. இதைப் போட்டா என் ஊசி போயிடும்."

"ஒரு தடவை."

பக்கத்து அறையில் போட்டார். கதவு திறந்திருந்தது. பாட்டு வந்தது. அந்த இடம் வந்தது. அங்கே சிமெண்ட் தரை, காலைத் தூக்க அவசியமில்லை. அவன் கால் ஏற்கெனவே நாற்காலியில் மேலேதான் இருந்தது. ஊசி துள்ளி அந்தப் பக்கம் விழுந்தது. டாக்டர் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார், மூக்கை உறிஞ்சியபடி. "இதை வெச்சா சொல்லிக் குடுத்தாங்க? கேடி. எங்ககிட்ட ஒரு நாள் காட்டல பாருங்க."

"நீங்க திட்டுவீங்கன்னு."

"திட்டித்தான் இருப்பேன்." ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சிரிப்பு போய்விட்டது. "எனக்குப் புரியுது தம்பி. ஆனா வரப்போறவங்களுக்கு இது தெரியாது. கணக்கு டீச்சர், நாலு வரைக்கும் எண்ணத் தெரியாம பசங்களுக்குத் தப்பா சொல்லிக் குடுத்துட்டுப் போயிட்டாங்கன்னுதான் பேசுவாங்க. அவங்க காதைப் பத்தி ஒருத்தன் ஒரு வார்த்தை சொன்னா எனக்குத் தாங்காது. அவங்க பேரைக் காப்பாத்தத்தான் நான் இவ்வளவு பாடு படறேன்."

"பேரு இருக்கு டாக்டர். ஸ்கூல்ல அவ கிளாஸ் எடுத்த ரூம் கதவுல பெயிண்ட்லயே எழுதிட்டாங்க."

"அப்புறம்?"

அவன் மேலே இருந்த விளக்கைப் பார்த்தான். அணைந்திருந்தது. "எனக்கு அவ ஞாபகம் வரமாட்டேங்குது. ஃபோட்டோதான் வருது. நேத்து அந்தப் பசங்க காலைத் தூக்கினப்போ வந்தா." சற்றுப் பொறுத்து, "அந்த இடத்துல மட்டும்தான் இருக்கா. நீங்க அதைச் சரி பண்ணிட்டீங்கன்னா..." என்றான்.

டாக்டர் ஸ்டூலில் ஒரு அரைவட்டம் சுற்றினார். மீண்டும் இந்தப் பக்கம் சுற்றினார்.

"சரி. வரவங்களை நான் பழக்கிக்கிறேன், அது கஷ்டமில்ல. ஆனா கூட்டத்துக்கு யாராவது எழுந்து சொல்லணும். இது தப்பில்ல, கீறல்னு. நான் சொன்னா பூசி மெழுகறேன்னு நினைப்பாங்க. பசங்க சொன்னா சிரிப்பாங்க." அவனை நேராகப் பார்த்தார். "நீங்க பேச மாட்டேன்னு சொல்லிட்டதா ஹெட்மாஸ்டரம்மா சொன்னாங்க."

"ஆமா."

"அப்ப யார்?"

வெளியே யாரோ பல்வலியில் முனகினார்கள். அவன் நாற்காலியிலிருந்து இறங்கினான்.

"சொல்றேன்" என்றான்.

*

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை. மண்டபம் நிறைந்துவிட்டது. அவள் முதல் வருடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் மீசையும் கைக்குழந்தையுமாக வந்திருந்தார்கள். தலைமையாசிரியை முன்வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் அண்ணன், புதுச் சட்டையில், ஒன்றரை நாற்காலியை அடைத்துக்கொண்டு.

பேசியவர்கள் நன்றாகப் பேசினார்கள். அன்பானவர், கண்டிப்பானவர், சிரிக்க வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். எல்லாம் சரிதான். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். சுவரில் இருந்த படம் வந்து நின்றது, போனது.

அவன் பெயரைச் சொன்னபோது எழுந்து போனான். பெட்டி மேடை ஓரத்திலேயே இருந்தது. மைக் அதற்குப் பக்கத்தில். மைக் முன்னால் நின்றான். யாரோ இருமினார்கள். முன்வரிசையில் அண்ணன் கையை வயிற்றுக்கு நேரே வைத்து, வேனை ரிவர்ஸ் எடுக்க வழி காட்டுவதுபோல, வா வா என்று சைகை செய்தான்.

"எங்க வீட்ல பலகைத் தரை" என்றான் அவன்.

கூட்டம் காத்திருந்தது.

"அவகிட்ட ஒரு ரெக்கார்டு இருந்தது. அதுல ஒரு கீறல். அந்த இடத்துல பாட்டு தாவும். பசங்க அதைக் கேட்டுத்தான் பழகினாங்க. அதனால அவங்களும் தாவுவாங்க. அவங்க தப்பு பண்ணல. அவளுக்கும் நாலு வரைக்கும் எண்ணத் தெரியும்." பின்வரிசையில் ஒரு சிரிப்பு கேட்டது. "அந்த இடம் வரும்போது யாரும் தரையில கால் வெச்சிருக்கக் கூடாது. வெச்சா மாட்டிக்கும். எங்க வீட்ல அது சட்டம். நீங்களும் தூக்கிடுங்க. எப்போன்னு பசங்களைப் பார்த்தா தெரியும்." வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று யோசித்தான். "அவ்வளவுதான்."

கீழே இறங்குவதற்குள் டாக்டர் தலையை அசைத்துவிட்டார். பாட்டு ஆரம்பித்துவிட்டது. நடுவில் மேடையைக் கடந்து போகக் கூடாது என்று அவன் பெட்டியின் பக்கத்திலேயே நின்றுகொண்டான்.

முதல் வரி. இரண்டாவது வரி. வெளியூரிலிருந்து வந்த இருவரில் ஒருவர் ஆளுயர வயலின் மாதிரி ஒன்றைக் கட்டிப்பிடித்து மீட்டினார், இன்னொருவர் பியானோவில். டாக்டரின் கழுத்து நரம்பு புடைத்தது. தூங்குமூஞ்சி பாதிக் கண்ணில் இருந்தான். கூட்டத்தில் பலர் நாற்காலி நுனிக்கு வந்து பிள்ளைகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது வரி முடிந்தது. கால்கள் எழும்பின.

மண்டபம் முழுக்க எழும்பின. தலைமையாசிரியை கைத்தடியையும் சேர்த்துத் தூக்கினார். அண்ணன் தூக்கியதில் பக்கத்து நாற்காலி ஆடியது. டாக்டர் நின்றுகொண்டிருந்தார்; நிற்கிறவன் இரண்டு காலையும் தூக்குவது என்றால் குதிக்கத்தான் வேண்டும். சாக்ஸபோனை வாயில் வைத்தபடியே ஒரு துள்ளுத் துள்ளினார். பேனாவைக் கடித்துக்கொண்டு அவள் "ம்ம்! ம்ம்!" என்றாள்.

தானும் நின்றுகொண்டிருப்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. குதித்தான். ஆனால் நேரம் தப்பிவிட்டது. எல்லார் காலும் இறங்கிய பிறகு, அவனுடைய ஷூ இரண்டும் மேடைப் பலகையில் டொம் என்று விழுந்தன.

தூங்குமூஞ்சியின் கண் முழுதாகத் திறந்தது. வாயாடியைப் பார்த்தான். அவள் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுக்காமலே புருவத்தைத் தூக்கினாள். பிள்ளைகள் மூன்றாவது வரிக்கே திரும்பினார்கள்.

வரி முடிந்தது. மறுபடி அதே வரி. டாக்டர் சாக்ஸபோனை இறக்கி, "என்னடா?" என்றார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. பியானோக்காரர் சிரித்துக்கொண்டே பிள்ளைகளோடு சுற்ற ஆரம்பித்தார். அதே வரி. கூட்டம் இதுவும் பாட்டில் சேர்த்தி என்று நினைத்துத் தாளம் போட்டது. அதே வரி. பிள்ளைகள் டாக்டரைப் பார்க்கவில்லை. எல்லாரும் பக்கவாட்டில் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் கை ஏற்கெனவே பெட்டியின்மேல்தான் இருந்தது.

தட்டவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் நாற்காலி கிறீச்சிட்டது, அவள் காலை நீட்டினாள், கண்ணால் மிரட்டினாள். இன்னும் ஒரு முறை என்று விட்டான். இன்னும் ஒரு முறை. ட்ரம்பெட் ஊதிய பையனின் முகம் சிவந்துவிட்டது. கடைசி வரிசையில் ஒரு சின்னவள் மூச்சு முட்டி, விட்டு விட்டு ஊதினாள். ஆனாலும் யாரும் நிறுத்தவில்லை. அவன் தட்டாமல் அவர்கள் நிறுத்தப்போவதில்லை என்று தெரிந்தது.

இரண்டு விரலால் பக்கப் பலகையை ஒரு தட்டுத் தட்டினான். எப்போதும்போல, லேசாக.

பாட்டு மேலே போனது. டாக்டர் அவசரமாக வந்து சேர்ந்துகொண்டார். அதற்குப் பிறகு வரும் பகுதியை அவன் ஒரு நாளும் சரியாகக் கேட்டதில்லை. தட்டியதும் பேப்பருக்குத் திரும்பிவிடுவான். இப்போது கையில் பேப்பர் இல்லை. பெட்டியில் கையை ஊன்றியபடி நின்று, கேட்டான்.